சீனியர் கம்போசர்கிட்ட போய் உக்காந்து கத்துக்கிறது இன்னமும் தேவையா?

பிப்ரவரி 9, கேள்வி

அக்கா, சுத்தி வளைக்காம கேக்குறேன். கன்டெம்பரரி கிளாசிக்கல்ல, அதாவது இந்தக் கால மேற்கத்திய சாஸ்திரிய இசையில, ஒவ்வொரு தலைமுறையும் முந்தின தலைமுறைய மறுத்துட்டுத்தான் வந்திருக்கு. அப்புறம் எதுக்கு ஒரு பெரிய கம்போசர்கிட்ட போய் வருஷக்கணக்குல உக்காரணும்? ஸ்கோர் (எழுதி வச்ச இசைக் குறிப்பு) கெடைக்குது, ரெக்கார்டிங் கெடைக்குது, நாமளே படிச்சுக்கலாம். டீச்சர்கிட்ட போனா அவரோட ஸ்டைல் ஒட்டிக்கும், மிஞ்சிப் போனா ஒரு சிபாரிசு லெட்டர் கெடைக்கும், அவ்ளோதான். நான் வயலின், செல்லோ, பியானோவுக்கு ஒரு ட்ரியோ எழுதிட்டு இருக்கேன். யார்கிட்டயும் காட்டல. காட்டாம இருக்குறதுதான் நல்லதுன்னு தோணுது.

பிப்ரவரி 9, ராத்திரி

தம்பி, ஸ்டைல் ஒட்டிக்கும்னு சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கு சுத்தமா உடன்பாடு இல்ல. மெஸ்ஸியான்னு ஒரு பிரெஞ்சு கம்போசர், அவரு கிளாஸ்ல உக்காந்தவங்க பேர வரிசையா சொல்லிப் பாருங்க. பூலெஸ், ஸ்டாக்ஹவுசன், செனாக்கிஸ், கிரிசே, முராய், ஜார்ஜ் பெஞ்சமின். பாரிஸ் கன்சர்வேட்டரில 1941லேருந்து 1978 வரைக்கும் அவரு கம்போசிஷன் சொல்லிக்கொடுத்தாரு, அந்த 37 வருஷத்துல வந்து போனவங்கள்ல ஒருத்தர் எழுதுன மாதிரி இன்னொருத்தர் எழுதல. அவரு காட்டுக்குப் போய் பறவை கூவுறத காதால கேட்டு நோட்ஸ் எழுதிக்கிட்டவரு, நான் சொன்ன இவங்க யாரும் பறவை பின்னாடி போகல.

செனாக்கிஸ் கதை தெரியுமா? 1951ல போறாரு, வயசு 29. பகல்ல லெ கோர்பூசியேங்கிற கட்டடக் கலைஞர் ஆபீஸ்ல இன்ஜினியர் வேலை, சண்டையில அடிபட்டு ஒரு கண்ணு போயிடுச்சு, முறையா சங்கீதம் படிச்சதும் ரொம்பக் கம்மி. அதுக்கு முன்னாடி ஹோனெகர்ங்கிற கம்போசர்கிட்ட காட்டுனப்போ, பாடப்புத்தக விதிப்படி கூடாத பேரலல் ஃபிஃப்த்ஸ் இருக்கு, பேரலல் ஆக்டேவ் இருக்குன்னு குத்தம்தான் கெடைச்சுது. மெஸ்ஸியான்கிட்ட போய், நான் திரும்ப ஹார்மனி (சுரங்கள சேத்து ஒலிக்க வைக்கிறது), கவுண்டர்பாயிண்ட் (தனித்தனி மெட்ட ஒன்னோட ஒன்னு பின்னுறது) எல்லாம் முதல்லேருந்து படிக்கணுமான்னு கேக்குறாரு. அவரு, வேணாம், நீ கிரேக்கன், உனக்கு கட்டடக் கலை தெரியும், கணக்கு தெரியும், அதையெல்லாம் உன் இசைக்குள்ள கொண்டு வான்னு சொல்லிட்டாரு. நாலே வருஷத்துல, 1955ல, ஜெர்மனில டோனவ்எஷிங்கன்ல அவரோட மெட்டாஸ்டாசிஸ்ங்கிற ஆர்கெஸ்ட்ரா பீஸ வாசிக்கிறாங்க, ஒவ்வொரு ஸ்ட்ரிங் பிளேயருக்கும் தனித்தனி கோடு, கோடு கோடா சரியுற கிளிசாண்டோ, அதாவது ஒரு சுரத்துலேருந்து இன்னொன்னுக்கு வழுக்கிட்டே போறது. அதே மாதிரி நேர்கோட வச்சு வளைவு வர வைக்கிற யோசனைதான் 1958ல பிரசல்ஸ்ல பிலிப்ஸ் பெவிலியன் கட்டடமா எழுந்துச்சு. ஹார்மனி சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சர் தன் பாடத்தையே நீ படிக்க வேணாம்னு சொல்றதுக்கு எவ்ளோ பெரிய மனசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

பிப்ரவரி 10

நேத்து எழுதுனதுல ஒரு தப்பு இருக்கு, திருத்திடுறேன். மெஸ்ஸியான் 1941லேருந்து கம்போசிஷன் சொல்லிக்கொடுத்தாருன்னு எழுதிட்டேன். அப்படி இல்ல. 1941ல அவர எடுத்தது ஹார்மனி வாத்தியாரா. 1947ல அனாலிசிஸ் கிளாஸ் குடுத்தாங்க. கம்போசிஷன் புரொஃபசர்ங்கிற பதவி 1966லதான் வந்துச்சு. பூலெஸ் வந்தது ஹார்மனி கிளாஸுக்கு, 1944ல. ஸ்டாக்ஹவுசன் 1952ல வந்து உக்காந்தது அனாலிசிஸ் கிளாஸ்ல.

எழுதிட்டு திரும்பப் படிச்சப்போதான் எனக்கே ஒன்னு உறைச்சுது. அந்தத் தலைமுறையே ஒருத்தர்கிட்ட உக்காந்து பண்ணுனது என்னன்னு பாத்தா, எப்படி எழுதணும்னு கத்துக்கிட்டதவிட மத்தவங்க எழுதி வச்ச ஸ்கோர பக்கம் பக்கமா எப்படிப் படிக்கணும்ங்கிறதத்தான் கத்துக்கிட்டாங்க. ஸ்கோர் கெடைக்குது, நானே படிச்சுக்குவேன்னு நீங்க சொன்னதுக்கு இதுதான் என் பதில்னு நெனைக்கிறேன். ஆனா இன்னும் சரியா சொல்ல வரல, யோசிச்சு எழுதுறேன்.

பிப்ரவரி 12

என் கதைய சொன்னாத்தான் வெளங்கும். எனக்கு ரெண்டு டீச்சருங்க. நல்லவர பத்தி முதல்ல சொல்றேன், மத்தவர பத்தி எழுத இன்னும் மனசு தயாராகல.

நான் அப்போ பாஸ் கிளாரினெட்டுக்கும் ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கும் ஒரு பீஸ் எழுதி எடுத்துட்டுப் போனேன். எனக்கு 24 வயசு, அவருக்கு 70 தாண்டிருச்சு. நான் அந்த பீஸோட ஸ்ட்ரக்சர் பத்தி, ரிதம் எல்லாம் எந்த நம்பர் வரிசையிலேருந்து வருதுங்கிறத பத்தி மூச்சு விடாம பேசிட்டே இருந்தேன், அவரு தலைய தூக்கவே இல்ல, பக்கத்த திருப்பிக்கிட்டே இருந்தாரு, கடைசியில 31ஆவது பார்ல (தாளத்தோட ஒரு சுத்து) வெரல வச்சு, இத பாடுன்னாரு. ஒன்பது பார், ஃபோர்ட்டே, அதாவது சத்தமா, கீழ் ஸ்தாயி, டெம்போ குவார்ட்டர் நோட் 48, நிமிஷத்துக்கு 48 பீட். பாட ஆரம்பிச்சேன், மூணாவது பார்லயே தெணற ஆரம்பிச்சு அஞ்சாவதுல நின்னுட்டேன். 36 பீட், கணக்கு பண்ணுனா 45 செகண்ட். அதுக்குள்ள எங்கயும் ஒரு கமா அளவு மூச்சு வாங்க நான் எடம் வைக்கல. பாஸ் கிளாரினெட்டுல கீழ ஃபோர்ட்டே வாசிச்சா காத்து எவ்ளோ வேகமா தீரும்னு எனக்குத் தெரியும், புத்தகத்துல படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதிக்கூட இருக்கேன். ஆனா எழுதுறப்போ எனக்கு அந்த வாத்தியம் மட்டும்தான் கண்ணு முன்னாடி இருந்துச்சு, அத வாயில வச்சிருக்குற ஆளு இல்ல.

அவரு தப்புன்னு சொல்லவே இல்ல. இந்த ஆளு எங்க மூச்சு வாங்குவாங்கன்னு மட்டும் கேட்டாரு. நான் வீட்டுக்கு வந்து அந்த ஒன்பது பாரையும் திரும்ப எழுதுனேன், மூச்சு வாங்குற எடம் வந்ததும் ஃப்ரேஸ் மாறுச்சு, ஃப்ரேஸ் மாறுனதும் வயோலா அந்த சந்துல நுழைய ஒரு காரணம் கெடைச்சுது, அதுலேருந்துதான் அந்த பீஸோட ரெண்டாவது பாதியே பொறந்துச்சு.

பிப்ரவரி 12, பின்னேரம்

இன்னொன்னு விட்டுட்டேன். அவரு மார்க் பண்ற விதம். மெத்துன்னு ஒரு பென்சில், எழுத்தே எழுத மாட்டாரு, ஓரத்துல சின்னச் சின்னப் புள்ளி வைப்பாரு. முதல் தடவ நான் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தப்புன்னு நெனச்சு எண்ணிப் பாத்தேன், 17 இருந்துச்சு, மனசே ஒடஞ்சு போச்சு. கேட்டேன். தப்பெல்லாம் இல்லம்மா, படிக்கிறப்போ என் கவனம் எங்கெல்லாம் விலகுச்சோ அங்கெல்லாம் ஒரு புள்ளி, அது உன் குறையா என் குறையான்னு நீதான் பாக்கணும்னாரு.

இது எந்த ரெக்கார்டிங்கும் குடுக்காது தம்பி. மத்தவங்க ஸ்கோர நீங்களே படிச்சுக்கலாம், ஒத்துக்கிறேன். உங்க ஸ்கோர உங்களால படிக்க முடியாது. நீங்க எழுதாததும் உங்க காதுல கேட்டுக்கிட்டே இருக்கும்.

பிப்ரவரி 15

அப்போ டீச்சர்னா டெக்னிக் சரிபாக்குற ஆளு மட்டும்தானான்னு கேட்டிருக்கீங்க. இல்ல. சில நேரம் அவங்க குடுக்குறது அனுமதி.

அமெரிக்க கம்போசர் ஸ்டீவ் ரைக் 1960கள் ஆரம்பத்துல மில்ஸ் காலேஜ்ல பெரியோங்கிற இத்தாலிய கம்போசர்கிட்ட படிச்சாரு. பன்னெண்டு சுரத்தையும் சமமா ஒரு வரிசையில அடுக்கி, அந்தப் பன்னெண்டு டோன் வரிசைய வச்சு எழுதச் சொன்னா, இவரு வரிசைய மாத்தாம திருப்பித் திருப்பி அதையே போட்டு எப்படியாவது ஒரு டோனல் (ஒரு ஆதார சுரத்த சுத்தி வர்ற) வாசனை வர வச்சுட்டு இருந்தாரு. பெரியோ அத பாத்துட்டு, உனக்கு டோனலா எழுதணும்னா டோனலாவே எழுதேன்னு சொல்லிட்டாரு. சொன்னவரு எழுதுறதோ அதுக்கு நேர் எதிர் பக்கம்.

அர்ஜென்டினா கம்போசர் பியாசோலா 1954ல பாரிசுக்கு நாதியா பூலாஞ்சேங்கிற டீச்சர்கிட்ட போறாரு. பெரிய பெரிய சிம்ஃபனிக் பீஸா அடுக்கி வைக்கிறாரு. இங்க ஸ்ட்ராவின்ஸ்கி இருக்காரு, இங்க பார்டோக், இங்க ராவெல், பியாசோலா எங்கன்னு அந்தம்மா தேடுறாங்க. இவரு அவங்க ஊரு டான்ஸ் இசையான டாங்கோ வாசிக்கிறவருங்கிறத சொல்லவே வெக்கப்பட்டு மறைச்சு வச்சிருந்தாரு. அப்புறம் வற்புறுத்தி ஒரு டாங்கோ வாசிக்க வச்சு, இதுதான் நீ, இத விட்டுறாதன்னு சொன்னாங்க.

ரஷ்ய கம்போசர் குபைதுலினா இதவிட இக்கட்டான நெலமையில இருந்தவங்க. 1959ல மாஸ்கோல பரீட்சை, அவங்க வழியே தப்புன்னு சுத்தி இருந்தவங்க சொல்லிட்டு இருந்தப்போ, பேர் வாங்குன கம்போசர் ஷோஸ்டகோவிச் அவங்க கையப் புடிச்சு அந்தத் தப்பான வழியிலயே தொடர்ந்து போன்னு சொன்னாரு. 2025ல 93 வயசுல போய்ச் சேர்ற வரைக்கும் அந்த வழியிலதான் போனாங்க. ஒரே ஒரு வாக்கியம் ஒரு ஆளுக்கு அறுபத்தஞ்சு வருஷம் தாங்குது.

பிப்ரவரி 16

முந்தாநேத்து ராத்திரி தூங்காம எழுதி நேத்து போட்டது, இன்னைக்குப் படிச்சா பாதிதான் சரி.

அந்தக் கதை எல்லாமே ஒத்த வாக்கியமா வருது. ஒரு பெரியவர் ஒரு வார்த்தை சொன்னாரு, வாழ்க்கை மாறுச்சு. ஆனா அந்த ஒரு வார்த்தைய சொல்ற உரிமை எப்படி வந்துச்சு? பூலாஞ்சே பியாசோலாவோட பக்கங்கள உக்காந்து பொறுமையா படிச்சதாலதான், இது ஸ்ட்ராவின்ஸ்கி, இது ராவெல்னு எடம் காட்ட முடிஞ்சுது. அப்புறமும் அந்தம்மா அவர சும்மா விடல, நாலு குரல் கவுண்டர்பாயிண்ட் எழுத வச்சாங்க. பிலிப் கிளாஸ் 1964லேருந்து ரெண்டு வருஷம் அவங்ககிட்ட இருந்தாரு, ஜூலியர்ட் முடிச்சுட்டு வந்த ஆளு, திரும்ப முதல் பாடம் கவுண்டர்பாயிண்ட்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. வாரா வாரம் கட்டுக் கட்டா பயிற்சி. அதுலேருந்து வந்த இசை அந்தம்மா கனவுலயும் நெனச்சிருக்க மாட்டாங்க.

அதனால வெறும் அனுமதின்னு நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். படிக்காம குடுக்குற அனுமதி வெறும் முதுகுல தட்டுறது. அது யாரு வேணாலும் பண்ணலாம்.

பிப்ரவரி 20

சரி, மத்தவர பத்தி.

என் முதல் டீச்சர் பேர் வாங்குனவரு. நான் அப்போ 21. முதல் மாசமே நான் அதுவரைக்கும் எழுதுன அஞ்சு பீஸையும் மேசையில வச்சு, ரெண்டு ரெண்டு பக்கம் பொரட்டிட்டு, இதெல்லாம் காப்பி, மறந்துட்டு புதுசா வான்னாரு. அவ்ளோதான், எது காப்பி, எங்க காப்பின்னு ஒரு பார் நம்பர் கூட சொல்லல. நான் ஒன்றரை வருஷம் ஒன்னும் எழுதல. ஒவ்வொரு நோட்டையும் வச்சுட்டு, இது யாரோடதுன்னு கேட்டுக் கேட்டு அழிச்சேன். பேப்பர் தேஞ்சு ஓட்டை விழுற அளவுக்கு ரப்பர் போட்டிருக்கேன், அந்தப் பக்கத்த இன்னும் வச்சிருக்கேன்.

இதே மாதிரி ஒன்னு உன்சுக் சின்ங்கிற கொரிய கம்போசருக்கு நடந்துச்சு, அதான் அவங்க கதைய படிக்கிறப்பல்லாம் வயித்த கலக்கும். 1985ல ஹாம்பர்குக்கு லிகெட்டிங்கிற பெரிய கம்போசர்கிட்ட போனாங்க, அதுக்குள்ள ஐரோப்பாவுல ஒரு பரிசும் வாங்கியாச்சு. லிகெட்டி பாத்துட்டு, இதுல நீ இல்ல, இது நாங்க ஏற்கனவே எழுதித் தீத்ததுன்னு ஒதுக்கிட்டாரு. மூணு வருஷம் அவங்களால எழுத முடியல. அப்புறம் பெர்லின் போனாங்க, எலெக்ட்ரானிக் ஸ்டூடியோல வேலை பாத்தாங்க, மெதுவா திரும்பி வந்து அக்ரோஸ்டிகான் வோர்ட்ஷ்பீல் எழுதுனாங்க, 2004ல வயலின் கன்செர்ட்டோவுக்கு கிராவ்மேயர் பரிசு, 2024ல ஜீமென்ஸ் பரிசு. அவங்க லிகெட்டிய இன்னைக்கும் மரியாதையோடதான் பேசுறாங்க.

இத வச்சு, பாரு, கண்டிப்பா இருந்ததாலதான் அவங்க பெரியாளா வந்தாங்கன்னு ஒரு கூட்டம் சொல்லும். நான் ஒத்துக்க மாட்டேன். மூணு வருஷத்துக்கு அப்புறம் திரும்பி வந்தவங்க பேருதான் நமக்குத் தெரியும். வராதவங்கள யாரு எண்ணுனது? என்கூட அதே டீச்சர்கிட்ட நாலு பேர் இருந்தோம். நான் மட்டும்தான் இன்னும் எழுதுறேன். எங்க நாலு பேர்ல திறமைசாலி நான் இல்ல.

பிப்ரவரி 20, கொஞ்ச நேரம் கழிச்சு

லிகெட்டியையும் என் டீச்சரையும் ஒரே தராசுல வச்சது நியாயம் இல்ல. லிகெட்டி சொன்னது கடுமையா இருந்தாலும் ஸ்கோர பாத்து சொன்னது. எனக்கு நடந்தது ரெண்டு பக்கம் பொரட்டல். எனக்குக் கோவம் அவரு கடுமையா பேசுனதுல இல்ல, அவரு படிக்கலங்கிறதுல. இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் எனக்கே இது பிரிஞ்சு தெரியுது.

பிப்ரவரி 27

சிபாரிசு லெட்டர்னு நீங்க லேசா சொல்லிட்டுப் போனீங்க, அது லேசான விஷயமே இல்ல. ஆர்கெஸ்ட்ரா பீஸ் ஒன்ன மேடையேத்த 80 பேர் வாசிக்கணும், ஹால் வேணும், ரிஹர்சல் நேரம் வேணும், இளம் கம்போசர்கிட்ட இதுல எதுவுமே இல்ல. 1925 ஜனவரில பூலாஞ்சே நியூயார்க்குக்கு ஆர்கன் வாசிக்கப் போறப்போ, 24 வயசு அமெரிக்க கம்போசர் கோப்லண்ட எழுதச் சொல்லி, அந்த ஆர்கன் சிம்ஃபனிய அவங்களே வாசிச்சாங்க. அவரு அதுக்கு முன்னாடி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுன ஒன்னையும் மேடையில கேட்டதே இல்ல. ஜார்ஜ் பெஞ்சமின் 16 வயசுல மெஸ்ஸியான்கிட்ட சேந்தாரு, 20 வயசுல, 1980ல, அவரு ஆர்கெஸ்ட்ரா பீஸ் லண்டன் ப்ராம்ஸ் இசை விழாவுல. இந்திய கம்போசர் பரம் வீர் டெல்லியில பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ்ங்கிற பிரிட்டிஷ் கம்போசர சந்திச்சதாலதான் 1984ல லண்டன் போய் ஆலிவர் நஸ்ஸன்கிட்ட படிக்க முடிஞ்சுது. கதவுன்னு ஒன்னு இருக்கத்தான் செய்யுது, யாரோ ஒருத்தர் உள்ளேருந்து தெறக்கணும்.

அதனாலயே, யாருக்குத் தெறக்கலங்கிறதும் கேக்கணும். ஃபின்லாந்து கம்போசர் சாரியாஹோ ஹெல்சிங்கில படிக்கப் போனப்போ, பொண்ணுதானே, கல்யாணம் ஆயிட்டா விட்டுருவாங்கன்னு சில வாத்தியாருங்க சேத்துக்கவே இல்ல, அவங்களே இத வெளிப்படையா சொல்லியிருக்காங்க. பாவோ ஹைனினென்ங்கிற வாத்தியார்கிட்ட விடாப்பிடியா நின்னு சேந்தாங்க. 2016ல நியூயார்க் மெட் ஓபராவுல அவங்க எழுதுன லமூர் த லுவான்ங்கிற ஓபராவ போட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்த மேடையில ஒரு பொம்பள எழுதுன ஓபரா வந்தது 1903ல, எதெல் ஸ்மித்தோடது. நடுவுல 113 வருஷம். அதே 2016ல மிஸ்ஸி மஸோலியும் எலன் ரீடும் சேந்து லூனா கம்போசிஷன் லேப்னு ஆரம்பிச்சு பள்ளிக்கூட வயசுப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்போசர கூட வச்சு சொல்லிக்கொடுக்குறாங்க. எனக்கு 15 வயசுல அப்படி ஒன்னு இருந்திருந்தான்னு நெனச்சா தொண்டை அடைக்குது.

மார்ச் 3

வேற பக்கம் போறேன். நாம இதுவரைக்கும் மேலேருந்து கீழ வர்றத மட்டும்தான் பேசிட்டு இருக்கோம்.

ஷோன்பெர்க்ங்கிற கம்போசர் 1911ல போட்ட ஹார்மனி புத்தகத்தோட முன்னுரைல முதல் வரியே, இந்தப் புத்தகத்த நான் என் மாணவர்கள்கிட்டேருந்து கத்துக்கிட்டேன்னுதான் ஆரம்பிக்குது. அது மரியாதைக்கு எழுதுனதுன்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். லிகெட்டி கதை தெரிஞ்சப்புறம் அப்படி நெனைக்கல. 1956ல ஹங்கேரிலேருந்து தப்பிச்சு கொலோன் வந்தப்போ லிகெட்டிக்கு 33 வயசு, அவருக்கு எடம் குடுத்து ஸ்டூடியோ வேலைய காட்டுன ஸ்டாக்ஹவுசன் அவரவிட அஞ்சு வயசு சின்னவரு. அப்புறம் 1982ல, அவர்கிட்ட படிச்ச ரொபர்ட்டோ சியெர்ராங்கிற போர்ட்டோ ரிக்கோ கம்போசர் ஒரு ரெக்கார்டிங் கொண்டு வந்து குடுக்குறாரு. மத்திய ஆப்பிரிக்கால பண்டா லிண்டா மக்களோட ஊதுகொம்பு இசை, சிம்ஹா அரோம் பதிவு பண்ணுனது. ஒவ்வொருத்தரும் ஒத்த நோட்ட ஊதுறாங்க, அது பின்னிப் பின்னி ஒரு காடாட்டம் எழும்புது. லிகெட்டி அப்போ அடுத்து என்ன எழுதுறதுன்னு முட்டி நின்னுட்டு இருந்த காலம். அதுக்கப்புறம் 1985லேருந்து வந்த பியானோ எட்யூட (பயிற்சி பீஸ்) எடுத்துப் பாருங்க, ரெண்டு கையும் வேற வேற வேகத்துல ஓடுறது எங்கேருந்து தெம்பு வாங்குச்சுன்னு புரியும்.

உன்சுக் சின் எழுதுனத ஏற்கனவே எழுதித் தீத்ததுன்னு ஒதுக்குன அதே ஆளுதான் ஒரு மாணவர் கொண்டு வந்தத காது குளிரக் கேட்டு தன்னையே மாத்திக்கிட்டாரு. ரெண்டையும் சேத்துத்தான் அவர பாக்கணும் போல.

மார்ச் 4

என்கிட்ட இப்போ ஒரு பொண்ணு படிக்குது, 19 வயசு. போன மாசம் ஒரு பீஸ் கொண்டு வந்துச்சு, ஸ்ட்ரிங் குவார்டெட், முழுக்க முழுக்க ஒரே ஒரு கார்ட், அதாவது சேந்து ஒலிக்கிற ஒரு சுரக் கூட்டம்தான், பன்னெண்டு நிமிஷம். வாயத் தெறந்து, இது ஏற்கனவே பண்ணியாச்சும்மான்னு சொல்ல வந்துட்டேன். என் முதல் டீச்சரோட குரல் அப்படியே என் தொண்டையில. சொல்லல. பென்சில எடுத்து புள்ளி வைக்க ஆரம்பிச்சேன். பன்னெண்டு நிமிஷத்துல மூணு புள்ளிதான் வந்துச்சு. மூணும் அந்தப் பொண்ணு பயந்துபோய் ஏதாவது நடக்கணுமேன்னு ஒரு பிட்சிகாட்டோ (தந்திய வெரலால சுண்டுறது) சொருகுன எடம். அத எடுத்துட்டு வந்துச்சு அடுத்த வாரம். இப்போ எனக்கு அந்த பீஸ் ராத்திரில கேக்குது.

மார்ச் 5

கடன் பத்தி கேட்டீங்க. டீச்சர காலத்துக்கும் தூக்கி வச்சுக்கணுமான்னு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு முனை இருக்கு.

ஒன்னு உஸ்த்வோல்ஸ்கயா. ஷோஸ்டகோவிச்சோட மாணவி, அவரே அவங்க கிளாரினெட் ட்ரியோலேருந்து ஒரு தீம எடுத்து 1952ல தன்னோட அஞ்சாவது குவார்டெட்ல வச்சாரு, அந்த அளவுக்கு மதிச்சாரு. பின்னாடி அந்தம்மா அவரையும் அவரு இசையையும் முழுசா மறுத்துட்டாங்க, பேரையே கூடச் சேக்கக்கூடாதுன்னு நின்னாங்க. பலபேரு நன்றிகெட்டவங்கன்னு எழுதியிருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. அவ்ளோ பெரிய மரத்து நெழல்ல இருந்தவங்களுக்கு வெளிய வர்றதுக்கு அந்த வேகம் வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்னு பெஞ்சமின் பிரிட்டன்ங்கிற இங்கிலீஷ் கம்போசரும் அவரு டீச்சர் ஃபிராங்க் பிரிட்ஜும். பையனுக்கு 14 கூட முடியாதப்போ, 1927ல பாத்தாங்க. பிரிட்ஜுக்கு வேற மாணவங்களே கெடையாது. காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும், பையன் அழுகாத கொறையா சோர்ந்து போனப்புறம் பிரிட்ஜோட மனைவி வந்து போதும்னு சொல்லணும். ஒவ்வொரு பத்தியையும் பியானோல வாசிச்சுக் காட்டி, நீ கேட்டது இதுதானான்னு கேப்பாராம். நீ நெனச்சதும் நீ எழுதுனதும் ஒன்னான்னு. 1937ல பிரிட்டன் அவரு தீம வச்சே வேரியேஷன்ஸ் எழுதி சால்ஸ்பர்க்ல வாசிக்க வச்சாரு. 1939ல பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கெளம்புறப்போ பிரிட்ஜ் தன்னோட சொந்த வயோலாவ எடுத்துக் குடுத்துட்டாரு, எங்களோட ஒரு துண்டு உன்கூட வரட்டும்னு. 1941 ஜனவரில பிரிட்ஜ் செத்துட்டாரு. அப்புறம் பாக்கவே இல்ல.

என் ரெண்டாவது டீச்சர் போனப்புறம் எனக்கு வந்தது அந்தப் பென்சில்ல பாதி. வேற ஒன்னும் எழுத வரல இன்னைக்கு.

மார்ச் 11

தம்பி, ட்ரியோ வந்துச்சு. அனுப்புவீங்கன்னு எதிர்பாக்கல. பிரிண்ட் எடுத்து மூணு தடவ படிச்சேன், ஒரு தடவ பியானோ பார்ட்ட வாசிச்சுப் பாத்தேன்.

ஒன்பது புள்ளி. எட்டு சின்ன விஷயம், தனியா எழுதி அனுப்புறேன். 22ஆவது பார்ல செல்லோ வாசிக்கிறவங்களுக்குப் பக்கம் திருப்ப ரெஸ்ட் இல்ல, அத மட்டும் இப்பவே சொல்லிடுறேன், பார்ட்டுல பக்கத்த ரெண்டு லைன் முன்னாடி முடிச்சா சரியாயிடும். 40லேருந்து 58 வரைக்கும் ஒரு புள்ளி கூட இல்ல, அங்க தொடாதீங்க, யாரு சொன்னாலும் தொடாதீங்க, நான் சொன்னாலும்.

பெரிய புள்ளி 63ல. வயலினும் செல்லோவும் நேச்சுரல் ஹார்மோனிக்ஸ் (தந்திய லேசா தொட்டு வர வைக்கிற மெல்லிய சத்தம்), பியானிசிமோ, அதாவது ரொம்ப மெதுவா. அதே நேரம் பியானோ கீழ ஆக்டேவ்ஸ், ஃபோர்ட்டிசிமோ, அதாவது ரொம்ப சத்தமா, சத்தம் நீடிக்க பெடல் போட்டு. அந்த ஹார்மோனிக்ஸ் முன் வரிசையில இருக்குறவங்களுக்குக் கூட கேக்காது. நீங்க ஸ்கிரீன்ல பிளேபேக் போட்டுக் கேட்டிருப்பீங்க, அதுல எல்லாம் கேக்கும், மேடையில கேக்காது. 63ல என்ன கேக்கணும்னு நெனச்சு எழுதுனீங்க? அத மட்டும் சொல்லுங்க.

மார்ச் 12

உங்க பதில் பாத்தேன். கேக்கக்கூடாதுன்னுதான் வச்சேன் அக்கா, 64ல பாருங்கன்னு எழுதியிருக்கீங்க.

64, மூணாவது பீட், பெடல் எடுக்குற குறி. நான் பாக்கல. மூணு தடவ படிச்சு, பியானோல வாசிச்சும் பாக்கல, ஏன்னா நான் 63ஓட நிறுத்திட்டு புள்ளி வச்சிருக்கேன். இப்போ திரும்ப வாசிச்சேன். அந்தப் பெரிய சத்தம் பெடலோட சேந்து அறுந்து விழுது, அடியில இவ்ளோ நேரம் அந்த ரெண்டு ஸ்ட்ரிங்கும் நின்னுட்டே இருந்திருக்குன்னு அப்பத்தான் தெரியுது. நான் பியானோல வெறும் பியானோ பார்ட்ட மட்டும் வாசிச்சேன், மேல ஹார்மோனிக்ஸ நானே வாயால முணுமுணுத்தேன், உடம்பு சிலிர்த்துடுச்சு.

63ல வச்ச புள்ளிய அழிச்சுட்டேன். ஆனா அந்த பெடல் குறிய பெருசாப் போடுங்க, ஹார்மோனிக்ஸோட டை (சுரத்த நீட்டுற வளைகோடு) 64 முடிய வருதுன்னு தெளிவா காட்டுங்க, பியானோ பார்ட்டுல மேல ஸ்ட்ரிங் லைன க்யூ நோட்ஸா (பாத்துக்கிறதுக்கு மட்டும்) சின்னதா குடுங்க. நான் சாவகாசமா உக்காந்து படிச்சே தவற விட்டேன், ரிஹர்சல் அவசரத்துல வாசிக்கிறவங்களும் தவற விட்டுருவாங்க. மத்த எட்டையும் நாளைக்கு இன்னொரு தடவ படிச்சுட்டு அனுப்புறேன்.